பெரிய கிளாக்கருக்கு எழுதாத கடிதங்கள்

போன வாரம் எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தேன். கடிதம் எழுதுதல் பாடம். ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு, நண்பர்களுக்கு எழுதும்போது பேச்சுவழக்குச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் பயன்படுத்தலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். பயன்படுத்தலாமாம்! முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. இந்த வயதில் கோபப்பட்டால் பிரஷர் கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூடினால் கூடட்டும். இந்த அனுமதி ஒன்றும் பெட்டிக்குள் தானாக வந்து உட்காரவில்லை, அதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். கைபேசி எட்டிப்பார்க்காத காலம். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத் தேர்வுக் கடிதம் எப்போது வரும் என்று காத்துக் கிடந்தேன். அது வந்தால் நான் டீச்சர், வராவிட்டால் அம்மாவின் கூடை என் முதுகுக்கு. இன்றைக்கும் பால்மா மணம் மூக்கில் பட்டால் எனக்குக் குழந்தைகள் ஞாபகம் வராது, ரோஸ்மேரிதான் வருவாள். குழந்தைகளுக்குக் கரைக்கிற பால்மாவை உள்ளங்கையில் கொட்டி நக்குவதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்தவள் அவள். கேட்டால், நானும் ஒரு பிள்ளைதானே என்பாள்.

ரோஸ்மேரி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீடு, என் வகுப்பு. அவளுக்கு நுவரெலியாவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு சின்ன விடுதியில் வேலை கிடைத்தது. அறை கூட்டுவாள், படுக்கை விரிப்பாள், தேநீர் கொண்டுபோய் வைப்பாள். வருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை எல்லாம் காதில் அள்ளிக்கொண்டு வந்து எனக்குக் கடிதமாக இறக்குவாள். விடுதி பில் தாளின் பின்பக்கத்தில், சவர்க்கார வாசத்தோடு அந்தக் கடிதங்கள் வரும். தொடக்கமே ‘ஹாய் மேட்’. அப்புறம் ‘வாட்ஸ் குக்கிங்?’ அதாவது, என்னடி விசேஷம். நான் நேர்முகக் கடிதம் வரவில்லை என்று அழுதால் ‘கீப் யுவர் ஷர்ட் ஆன்’ என்று பதில் வரும், பதறாமல் இரு என்று அர்த்தம். முடிக்கும்போது ‘சீ யூ லேட்டர், அலிகேட்டர்’. முதலைக்கும் எங்களுக்கும் என்ன சொந்தம் என்று தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? நானும் முதலை போட்டே பதில் எழுதினேன்.

தமிழிலேயே எழுதித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். எழுதியிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஆங்கிலம் என்ன தெரியுமா? மனு எழுதும் ஆங்கிலம். பணிந்து கேட்டுக்கொள்கிறேன், தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன். அந்த மொழி எங்கள் வீடுகளுக்கு வந்த நாளிலிருந்து கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றது. ‘சேர், சேர்’ என்று குனியாத ஆங்கிலம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே ரோஸ்மேரி எழுதித்தான் எனக்குத் தெரியும். அதில் எழுதும்போது நாங்கள் யாருக்கும் கீழே இல்லை. அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

இப்போது தபால் கதைக்கு வருகிறேன். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. பெயர், தோட்டம், ஊர், அவ்வளவுதான். பஜார் தபாற்கந்தோரில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டித் தோட்டத்து ஆளிடம் கொடுப்பார்கள். அந்தப் பை நேரே போய்த் தோட்டத்து ஆபிசில் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கரின் மேசையில் அவிழும். அவர் எடுத்துத் தந்தால்தான் கடிதம். கலியாணக் கடிதமோ கருமாதிக் கடிதமோ, அவர் கையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். எங்கள் கிளாக்கர் உறையைக் கிழித்து வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. மழை பெய்வதைப் போல அதுவும் ஒரு வழக்கம்.

எனக்கு வந்த கடிதங்களை அவர் வாசித்ததோடு விடவில்லை, திருத்தினார்! சத்தியமாகச் சொல்கிறேன். ‘ஹாய் மேட்’டை சிவப்பு மையால் வெட்டி மேலே ‘மை டியர் ஃபிரெண்ட்’ என்று எழுதியிருந்தார். முதலையைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ‘மோசம்’. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஒரு நாள் ஆபிசுக்குக் கூப்பிட்டனுப்பினார். இது தெருவில் திரிகிறவர்கள் பேசும் பாஷை, லயத்துப் பிள்ளைக்கு இந்தக் கொழுப்பு ஆகாது என்று ஆரம்பித்தார். அவருக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது, அதனால்தான் கோபம். இனி இப்படி எழுதமாட்டோம் என்று நல்ல ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் ஒன்று கொண்டுவா என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

“ஒன்னோட இன்டர்வியூ கடுதாசியும் இந்தப் பையிலதான் வரும். ஞாபகம் வச்சிக்க.”

பயந்துதான் போனேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாய் கேட்கவில்லை.

“ஐயா, அந்தக் கடுதாசி ஒங்களுக்கு எழுதுனது இல்லீங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை என்றாள். நியமனம் கிடைக்கிறவரை வாயைப் பொத்திக்கொண்டு அந்த மன்னிப்பை எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். அம்மா பயந்ததில் தப்பில்லை. நான் எழுதவில்லை. நடந்ததை ரோஸ்மேரிக்கு எழுதிப் பஜாரில் போய்த் தபாலில் போட்டேன்.

அவள் பதிலை உறையில் அனுப்பவில்லை, தபாலட்டையில் அனுப்பினாள். கிழிக்க வேண்டிய சிரமமே வேண்டாம், எல்லோரும் வாசிக்கட்டும் என்று. அதில் முதல் வரி எனக்கில்லை. ‘ஹலோ கிளாக்கர், ஹவ்ஸ் லைஃப்?’ என்று கொட்டை எழுத்தில் அவரை நலம் விசாரித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். அடுத்த அட்டையிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். தபால் சுமக்கிறவர் ஆங்கிலம் தெரிந்த பொடியன்களிடம் கொடுத்து அர்த்தம் கேட்டுக்கொண்டே மேலே ஏறுவார். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் ‘ஹவ்ஸ் லைஃப்’ என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். கிளாக்கர் ஐயா காதில் அது விழாமலா இருக்கும்?

நேர்முகக் கடிதம் வந்தது. நேர்முகம் முடிந்த பிறகு வந்தது. உறையின் முத்திரையைப் பார்த்தால் முன்னமே பஜாருக்கு வந்திருக்கிறது. கேட்டேன். பையின் அடியில் கிடந்ததாம், கவனிக்கவில்லையாம். நம்பச் சொல்கிறீர்களா?

நான் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து அழுதேன். இனி நீ ஆச்சு உன் கூடை ஆச்சு என்று அம்மா ஏசுவாள் என்று நினைத்தேன். அவளோ மறுநாள் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரமாகத் தொங்க, வெறுங்கூடையோடு ஆபிஸ் வாசலில் போய் நின்றாள். கூட வந்த பெண்களும் நின்றார்கள். வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்ன அதே அம்மா, கிளாக்கரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“எம்மக கடுதாசிய இனிமே எங்கிட்ட குடுங்க. ஒடைக்காம குடுங்க.”

அதற்குப் பிறகு எங்கள் லயத்துக்கு வந்த எந்த உறையும் கிழிந்து வரவில்லை. அடுத்த முறை எனக்கு நியமனமும் கிடைத்தது. அந்த முதல் வாய்ப்பு போனதற்கு வருத்தமா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்த மன்னிப்பை எழுதியிருந்தால்தான் வருந்தியிருப்பேன். கிளாக்கரை இன்றுவரை மன்னிக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் டீச்சரான வருடம் ரோஸ்மேரி வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். போய் வெகுநாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறை கிழியாமல், சுத்தமாக வந்தது. பிரித்தேன். ‘மை டியர் ஃபிரெண்ட், நான் இங்கே மிகவும் நலமாக இருக்கிறேன். மேடம் மிகவும் அன்பானவர்.’ அழகான, தப்பே இல்லாத ஆங்கிலம். ஒரு கிண்டல் இல்லை, ஒரு முதலை இல்லை. யாரோ அவள் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்துபோயிற்று. எனக்குத் தெரிந்த குறும்புச் சொற்களை எல்லாம் கொட்டிப் பதில் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

இரண்டு வருடத்தில் திரும்பி வந்தாள். அந்த வீட்டில் அவள் எழுதுவதை மேடம் வாசித்த பிறகுதான் உறையில் போட விடுவார்களாம். என்னுடைய கடிதம் அவள் கைக்கே வரவில்லை. வேறு என்னென்ன நடந்தது என்று அவள் சொன்னதில்லை, நான் தோண்டவும் இல்லை. இப்போது வட்டகொடையில் தையல் கடை வைத்திருக்கிறாள். பேசுவாள், சிரிப்பாள், பேரப்பிள்ளைகளின் படம் அனுப்புவாள். அந்த ஆங்கிலம் மட்டும் வருவதில்லை. எங்கேடி போச்சு உன் வாய் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

“அந்த வாய அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்டி. நீயும் விடு.”

எப்படி விடுவது? இங்கே கிளாக்கரின் மேசைக்கு முன்னால் நிற்க நான் இருந்தேன், எனக்குப் பின்னால் நிற்க அம்மா இருந்தாள், பத்துக் கூடைகள் இருந்தன. அந்த வீட்டில் அவளுக்காக நிற்க ஒருவர்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இன்று காலையும் அவளுடைய பழைய பாஷையிலேயே அவளை வம்புக்கு இழுத்து ஒரு செய்தி அனுப்பினேன். ‘குட் மார்னிங். ஐ ஆம் ஃபைன்.’ என்று முற்றுப்புள்ளியோடு பதில் வந்தது. நாளைக்கும் அனுப்புவேன்.