பொட்டு வைத்த ட்ரோன்

டர்ர்ர்... மேசைக் கண்ணாடி அதிர்ந்தால் போன் வருகிறது. போன் வந்தால் எங்கோ ஒருவர் மாட்டிக்கொண்டார். தி.நகர் டிராவல்ஸ் ஒன்றில் ராத்திரி டூட்டி எனக்கு. வெளிநாடு போனவர்கள் கூப்பிட்டால் எடுப்பதுதான் தொழில். கேமரா ட்ரோனை எந்த நாட்டுக்குள் கொண்டுபோகலாம், எங்கே பறக்கவிடலாம் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. தூக்கம் வராத மனுஷன், நானே படித்துக்கொண்டது. இதே தொழிலில் கிடந்து சாகும் சக பாவிகளே, படித்து என்ன கண்டாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கிளம்பும் முன்

மந்தைவெளி தாமு, எங்களிடம் டிக்கெட் போட்ட கல்யாண வீடியோக்காரர். பாலியில் ஒரு கல்யாணம். மேலிருந்து படம் வேண்டும் என்பதற்காகவே அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பழசாக வாங்கிய ட்ரோன், பில் கிடையாது. அவர் பிழைப்பே அதில்தான். "பாலி இருக்கட்டும், திரும்பும்போது நம்ம ஊரிலேயே பிடிப்பார்கள். வெளியிலிருந்து ட்ரோன் கொண்டுவர இங்கே தடை. போகும்போதே சுங்கத்தில் காட்டி, அதன் நம்பரை எழுதி ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருந்து போனதுதான் என்பதற்கு அதுதான் சாட்சி" என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். தாமு சிரித்தார்.

"இன்னா சார், என் பொருள என் ஊட்டுக்கு எத்துக்கினு வந்தா எவன் கேப்பான்?"

ஏர்போர்ட்டில்

ஆனாலும் சான்றிதழ் கேட்கப் போயிருக்கிறார். அங்கிருந்தே போன். அதிகாரி நம்பரைக் காட்டச் சொல்கிறார், நம்பர் தெரியவில்லை. வீட்டில் பூஜை போட்டபோது மனைவி கலா ட்ரோனுக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார். நம்பர் ஸ்டிக்கர் மேல்தான் சமமான இடம் இருந்ததாம். சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது. துடைத்துக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"கலா வெச்ச பொட்டு சார். கெளம்புற நேரத்துல அத்த அழிச்சா வெளங்குமா?"

பாலியில்

சான்றிதழ் இல்லாமலே விமானம் ஏறினார். கல்யாண ஓட்டலுக்குப் பக்கத்திலேயே விமான நிலையம். அந்தப் பகுதியில் ட்ரோன் பறக்கத் தடை. அனுமதி கேட்டு எழுதினோம். பதில் வருவதற்குள் தாலியே கட்டியாகிவிட்டது. ட்ரோன் பையை விட்டு வெளியே வரவில்லை. பெண்ணின் அப்பா, மயிலாப்பூர்க்காரர், தாமுவிடம் சொன்னாராம்:

"இந்தப் பையைச் சுமந்துண்டு நிக்கறதுக்கா உம்மைக் கூட்டிண்டு வந்தோம்?"

திரும்பியபோது

சென்னையில் இறங்கியதும் சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். நம்பர் பளிச்சென்று தெரிந்தது. ஒத்துப் பார்க்கத்தான் காகிதம் இல்லை. ட்ரோனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். சுங்கத்துக்கு எழுதிப் போட வேண்டியதையெல்லாம் எழுதிப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நந்தனத்தில் தாமு ஒத்துக்கொண்டிருந்த கல்யாணம் வேறொருவருக்குப் போனது. அன்றைக்குக் கலா கூப்பிட்டார். தாமு சாப்பிடாமல் படுத்திருக்கிறாராம். பிறகு கேட்டார்:

"சார், நான் பொட்டு வெக்காம இருந்தா அது ஊடு வந்து சேர்ந்திருக்குமா?"

இத்தனை நாட்டுச் சட்டம் படித்தவன் அன்று சொன்னது "இல்லம்மா" என்ற ஒரே ஒரு பொய், அதையும் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. போனை ஓரமாக வைத்துவிட்டு, மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.