கோபுரத்தோடை பிடிச்ச மின்னல்

மின்னலைப் படம் பிடிக்கிறேன் என்று யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு புத்தி சொல்லத் தொடங்குவார்கள். "மின்னினவுடனை டக்கெண்டு அமத்தவேணும், என்ன?" என்று கேட்காத ஒருவரை இணுவிலில் நான் இன்னும் சந்திக்கவில்லை. மின்னின பிறகு அமத்தினால் வருவது வெறும் இருட்டு. கமராவை ஸ்ராண்டில் பூட்டி, அதன் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, வானம் மனம் வைக்கும்வரை பேசாமல் நிற்க வேண்டும். இதை ஆறுதலாக விளங்கப்படுத்தினால், "அப்ப நீ ஒண்டும் செய்யிறேல்லை, கமராதான் எல்லாம் செய்யுது" என்பார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்.

எனக்கு வேலை திருநெல்வேலியில், ஒரு அலுவலகத்தில். இருப்பது இணுவிலில், அக்கா வீட்டில். அத்தான் காலமான பிறகு அக்கா, அவளுடைய ஒரே மகள், நான் என்று மூன்று பேர்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் பின்னேரங்களில் வானம் முழங்கத் தொடங்கும். எப்போது என்று நினைக்கிறீர்கள்? நான் பலாலி வீதியில் பஸ்ஸுக்குள் ஒற்றைக் காலில் நசிந்துகொண்டு நிற்கும்போது. யன்னலுக்கு வெளியே வானம் கிழிந்து கிழிந்து மூடும். கமரா வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும். நான் ஓட்டமும் நடையுமாகப் படலையைத் திறக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்து, தவளைகள் கத்தத் தொடங்கியிருக்கும்.

சரி, ஒரு நாள் தப்பித் தவறி நேரத்துக்கு வந்து சேர்ந்தாலும் அக்கா இருக்கிறாளே. முதல் முழக்கம் கேட்டதும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவாள். ரீவி, பிறிஜ், மிக்சர் எல்லாவற்றின் வயரையும் கழற்றுவாள். கமரா பற்றரி பாதி ஏறிக்கொண்டிருந்தால் அதையும் பிடுங்குவாள். கண்ணாடிக்கு மேல் துவாயைப் போட்டு மூடிவிட்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று என்னைக் கூப்பிடுவாள்.

"இரும்புக் காலை நட்டுவைச்சுக்கொண்டு நிக்கிறாய். இடி தேடிவாறதுக்கு வேறை என்னடா வேணும்?"

"அது இரும்பில்லை அக்கா, அலுமினியம்."

"இடிக்கு அது தெரியுமோ?"

நான் ஒன்றும் வெட்டைவெளியில் நிற்பவன் அல்ல. படிக்கட்டு முடியும் இடத்தில் ஒரு சின்னக் கூரை இருக்கிறது, அதற்குக் கீழே கமராவை வைத்துவிட்டு நான் உள்ளே படியில் குந்தியிருப்பேன். அங்கிருந்து மேற்கே பார்த்தால் வெங்காயத் தோட்டத் தறைகளும், அதற்கு அப்பால் எங்கள் அம்மன் கோயில் கோபுரமும், அதற்கும் அப்பால் சண்டிலிப்பாய்ப் பக்கத்து வானமும் தெரியும். நல்ல இடம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கள்ளப் பயம். அக்கா மெயினை இறக்கினதும் எங்கள் வீடு இருளும், எங்கள் வீடு இருண்டதும் அவர் தன்னுடைய பெரிய வெள்ளை லைற்றைப் போடுவார். அந்த லைற் வெளிச்சம் நேரே என் லென்சுக்குள் வரும். போதாதற்கு ஈசல் வேறு. மூன்று மாரி நான் எடுத்த படங்களில் மின்னலைவிட ஈசல்தான் கூட. என்ன கோதாரிக்கு இந்த வேலை என்று எத்தனையோ தரம் கமராவைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறேன். அடுத்த முழக்கம் கேட்டால் திரும்ப எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவேன். விசர்தான், வேறென்ன.

அந்த ஐப்பசியில் வீட்டில் பெரிய அலுவல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. என் மருமகளுக்கு, அக்காவின் மகளுக்குத்தான், கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை கனடாவில். இரண்டு பேரும் போனிலேயே கதைத்துக் கதைத்து ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டையும் ஓமென்னப் பண்ணுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் ஊர்க்காரிதான், இப்போது அவரும் மகனோடு கனடாவில். மகனுக்கு அங்கே விசா சரிவந்தால் அவனுடைய தாலிகட்டை எங்கள் அம்மன் கோயிலில்தான் வைப்பேன் என்று நேர்த்தி வைத்தவர். ஆகவே தை மாதம், இந்தக் கோயிலில், இந்த அம்மனுக்கு முன்னால். வேறு இடம் என்ற கதைக்கே இடமில்லை. மருமகளும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, சட்டைத் துணியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தானாகச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் எல்லாம் சரியாக அமைந்தது. பஸ் இல்லை, வேலை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கேயோ செத்தவீட்டுக்குப் போயிருந்தார். பொழுது அப்போதுதான் பட்டிருந்தது. எங்கள் பக்கம் ஒரு துளி மழை இல்லை. சண்டிலிப்பாய்ப் பக்கம் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது, அதன் அடியில் கொஞ்சம் செம்மை. கமராவைத் திறந்து வைத்துவிட்டுக் குந்தினேன். ஒரு மின்னல் வந்தது. மேலிருந்து கீழ்வரை, கிளை கிளையாகப் பிரிந்து, கோபுரத்துக்கு நேர் பின்னால் இறங்கியது. கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மையும் கறுப்பாக, தனித்தனியாகத் தெரிந்தது. முழக்கம் வெகுநேரம் கழித்துத்தான், தூரத்தில் யாரோ அலுமாரியை இழுப்பதுபோல வந்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா கீழிருந்து கத்தினாள்.

"ஐயோ, என்னடா, அடிச்சிட்டுதோ?"

"அடிச்சிட்டுது அக்கா! வடிவாய் அடிச்சிட்டுது!"

பாவம், பாதிப் படி ஏறி வந்துவிட்டாள். நான் உயிரோடு நின்று சிரிப்பதைப் பார்த்ததும் வந்த பேச்சை இங்கே எழுத முடியாது.

படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எனக்குச் சந்தோசத்தில் கை நிற்கவில்லை. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உள்ள ஊர்க்காரர் எல்லாரும் இருக்கிற ஒரு கைபேசிக் குழு இருக்கிறதல்லவா, அதில் படத்தைப் போட்டு, கீழே ஒரு வரி எழுதினேன்: "எங்கடை கோபுரத்தோடை பிடிச்ச மின்னல்." இதில் என்ன பிழை? எங்கள் ஊரில் படம் எடுப்பதில்லை, பிடிப்பதுதான். கலியாண வீட்டில் படம் பிடிக்கிறோம், திருவிழாவில் படம் பிடிக்கிறோம். கோபுரத்தையும் சேர்த்து நான் பிடித்த மின்னல். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் என்று நினைத்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் நெருப்பும் பிடிக்கும், பேயும் பிடிக்கும், சனியும் பிடிக்கும். என் வரி ஒரு கைபேசியிலிருந்து இன்னொரு கைபேசிக்குப் போகப்போக, "கோபுரத்தோடை பிடிச்ச" என்பது "கோபுரத்திலை பிடிச்ச" ஆனது. பிறகு "கோபுரத்தைப் பிடிச்ச" ஆனது. ஞாயிறு மத்தியானம் லண்டனிலிருந்து யாரோ போன் எடுத்து, "கோபுரம் பத்தி எரிஞ்சுதாமே, ஐயருக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்கள். ஐயர் அப்போது எங்கள் வீட்டுக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் மாப்பிள்ளையின் தாய் அக்காவுக்கு எடுத்தார். குரலே சரியில்லை.

"முழுவியளம் சரியில்லைத் தங்கச்சி, சகுனப் பிழை. கோபுரத்திலை இடி விழுந்தால் பிராயச்சித்தம் செய்யாமல் நல்ல காரியம் ஒண்டும் செய்யக்கூடாது. அதுவும் என்ரை நேர்த்தி. அம்மனுக்கே இந்தக் கலியாணம் விருப்பமில்லையெண்டு காட்டுறா போலை."

அக்கா போனை என் கையில் திணித்தாள். மாப்பிள்ளையின் தாயையும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது; அவருக்கு விளங்கப்படுத்தினேன். அக்கா, மின்னல் விழுந்தது கோபுரத்தில் இல்லை, பின்னால். "பின்னாலை எண்டால் வீதியிலையோ?" இல்லை, சண்டிலிப்பாய்ப் பக்கம். "படத்திலை கோபுரத்துக்கு மேலை தானே நிக்குது?" அப்படித்தான் தெரியும், தூரத்தில் இருக்கிறதும் கிட்ட இருக்கிறதும் படத்தில் ஒன்றாகத் தெரியும். "அப்ப படம் பொய்யோ?" படம் உண்மை அக்கா, ஆனால் மின்னல் தூர. "உண்மையெண்டும் சொல்லுறீர், விழேல்லையெண்டும் சொல்லுறீர்." மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லப்போனேன். "எனக்கு உந்தக் கணக்கெல்லாம் விளங்காது தம்பி" என்று வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஐயரையும் கூட்டிக்கொண்டு கோயிலடியில் நின்று, வீடியோவில் மாப்பிள்ளையின் தாய்க்குக் கோபுரத்தைக் காட்டினேன். ஒரு பொம்மையின் விரல்கூட உடையவில்லை. ஐயர் தன் வாயாலேயே சொன்னார், "அம்மா, ஒரு குறையும் இல்லை, நான் கோயிலுக்குள்ளைதான் நிண்டனான்" என்று. மாப்பிள்ளையின் தாய் ஒன்றையும் கேட்கவில்லை. கண்ணைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, "உந்தக் கலசத்தைக் காட்டும். உது ஏன் கறுத்துக் கிடக்கு?" என்றார்.

அது காக எச்சம் அக்கா. காகமும் வெயிலும். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அந்தக் கலசம் அந்த நிறம்தான். கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு. "கருகித்தானே கிடக்கு" என்றார் அவர். "ஐயர் வேறை என்ன சொல்லுவார்? கோயிலுக்குக் கலியாணம் வேணும். உங்களுக்கும் கலியாணம் வேணும்." கலியாணத்தைத் தள்ளிவைப்போம், ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம் என்று முடித்தார். ஒரு வருடம் கழித்து என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்று மாப்பிள்ளைப் பெடியனே எனக்கு எடுத்தான். நல்ல பிள்ளை. நேரே விசயத்துக்கு வந்தான்.

"மாமா, அம்மா உண்மையை நம்பமாட்டா. ஆனால் படம் பொய்யெண்டால் நம்புவா. கொம்பியூட்டரிலை மின்னலை ஒட்டினதெண்டு நீங்கள் குழுவிலை ஒருக்கா எழுதிவிட்டால் எல்லாம் சரி."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ தெரியாது. "நான் மூண்டு மாரியாய் நுளம்புக்கு ரத்தம் குடுத்து, ஈசலோடை மல்லுக்கட்டிப் பிடிச்ச படம் தம்பி அது! என்ரை கையாலை அதைப் பொய்யெண்டு எழுதவோ?" என்று கத்திவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தேன். அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு வரிதானேடா. எழுதினாப்போலை என்ன குறைஞ்சு போகும்?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? எனக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். மற்றதெல்லாம் ஈசல். அதை நான் பிடித்தேன் என்று சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன், நானே இல்லையென்றால் அது முடிந்தது.

மருமகள் என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றவளிடம் நானாகத்தான் போனேன்.

"நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?"

"நீங்கள் பொய் சொல்லவேண்டாம் மாமா" என்றாள். கொஞ்ச நேரம் கோப்பையைக் கலக்கினாள். பிறகு கரண்டியை வைத்தாள். "ஆனால் எனக்கு அவரைத்தான் வேணும். வேறை ஆரையும் வேண்டாம்."

தேத்தண்ணியைக் குடிக்காமலே அறைக்குள் போனேன். ஊர்க் குழுவில் எழுதினேன்: "நான் போட்ட மின்னல் படம் உண்மையானதல்ல. கொம்பியூட்டரில் மின்னலை ஒட்டிச் செய்தது. கோபுரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. குழப்பத்துக்கு மன்னிக்கவும்." எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இந்தத் தரம் நான்கு முறை வாசித்துப் பார்த்தேன். அனுப்பிவிட்டுப் போனை நிற்பாட்டினேன்.

திரும்பப் போட்டபோது குழு நிறைந்து கிடந்தது. ஒருவராவது திட்டுவார் என்று பார்த்தேன், இல்லை. கையைக் கூப்பிய படமும் கைதட்டுகிற படமும்தான். "நல்ல வேலைப்பாடு," "கெட்டிக்காரன்," "அச்சு அசல் மாதிரி இருக்கு." மூன்று மாரி நான் போட்ட படங்களுக்கு வாய் திறக்காதவர்கள்கூட வாய் திறந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஓட்டோ வைத்திருப்பவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, என்ரை ஓட்டோவுக்குப் பின்னாலையும் ஒண்டு ஒட்டித் தாரும். கொஞ்சம் பெரிசாய்" என்றார். எனக்கு ஒட்டத் தெரியாது அண்ணை என்று சொல்ல முடியுமா? நேரமில்லை என்று சொன்னேன். தலைக்கனம் பிடித்துவிட்டது என்று ஊரில் சொல்லித் திரிந்தாராம்.

கலியாணம் தையில் நடந்தது. சொன்ன கோயிலில், சொன்ன முகூர்த்தத்தில். வெயில் நல்லாக எறித்தது. மருமகள் அவ்வளவு வடிவாக இருந்தாள், தாலி ஏறும்போது அழுதாள், பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நானும் அழுதேன். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை, நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாய் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். நல்ல மனுசிதான், மனதில் ஒன்றையும் வைத்திருப்பவர் அல்ல.

"குறை நினையாதையுங்கோ தம்பி. உங்களை நல்லாய் அலைக்கழிச்சுப்போட்டன்" என்றார். பிறகு தன் போனை எடுத்துத் தடவித் தடவி என் படத்தைக் காட்டினார். அழிக்காமல் வைத்திருந்தார். இருவரும் அதைப் பார்த்தோம். செம்மை, கறுத்த கோபுரம், மேலிருந்து கீழ்வரை அந்தக் கிளை.

"நான் முதல் பாத்தவுடனையே யோசிச்சிருக்கவேணும்" என்று சிரித்தார். "உண்மையான மின்னல் எங்கை தம்பி உவ்வளவு வடிவாய் விழப்போகுது?"

எதிரே மருமகள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் அக்கா, விழாது" என்றேன்.