மாமா வாங்கிய சூம் லென்ஸ்

கண்டிப் பக்கத்து ஈரம் எதையும் விட்டுவைக்காது. மழைக்காலத்தில் துவைத்த துணி காயாது. அலுமாரிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சணம் பூத்திருக்கும். அந்த வருஷம் அது மாமாவின் லென்ஸுக்குள்ளும் புகுந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. மாமா அதை என் கையிலிருந்து வாங்கி மூடியைப் போட்டு வைத்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம், சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் படம் எடுப்பவர். வத்தேகமவில், கடைத்தெருவுக்கு மேலே ஒரு மேட்டில் அவருக்கும் அத்தைக்கும் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. நாங்கள் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஸ்கொலர்ஷிப் சோதனைக்கு நன்றாகப் படிக்கட்டும் என்று அம்மா என்னைக் கொண்டுவந்து அந்த வீட்டில் விட்டிருந்தார். படித்தேனோ இல்லையோ, அத்தையின் சமையலில் நன்றாகவே வளர்ந்தேன்.

கெட்டுப்போனது காமிராவோடு சேர்ந்து வந்த சாதாரண சூம் லென்ஸ். ஆனால் மாமாவுக்கு வெகு நாளாக வேறொன்றின் மேல் கண். பிரைம், பிரைம் என்று அதைப் பற்றியே பேசுவார். என்ன வித்தியாசம் என்று நான் கேட்டபோது முற்றத்தில் நின்றே விளக்கினார்.

"சூம்னா நீ நின்ன எடத்துலயே நிக்கலாம் பாப்பா, அது போய்ப் பாத்துட்டு வரும். பிரைம் அப்பிடி இல்ல. அது அசையாது. நீதான் நடந்து கிட்டப் போகணும்."

"அப்ப சூம்தானே நல்லது?"

"நல்லதுதான். ஆனா பிரைம்ல ஒரு முகத்த எடுத்தா..." என்று இழுத்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "பின்னாடி இருக்கிறதெல்லாம் கரைஞ்சு போயிரும். முகம் மட்டும் நிக்கும்."

"வேற வேல இல்ல," என்றாள் அத்தை. ஆனால் கன்னத்தில் விழுந்திருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அவளுடைய முடி அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும்.

அது மழை தொடங்குவதற்கு முன்னால். மழையோடு அத்தைக்கு நோவும் வந்தது. வயிற்றில் கட்டி என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். கட்டி என்றால் பழுத்து உடைந்து ஆறிவிடும் என்று நானும் கவலைப்படாமல் இருந்தேன். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் வந்தாள். ஒரு காலையில் சீப்பை வைத்ததும் முடி கொத்தாக வந்தது. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டாள்.

"இது திரும்ப வளர்ற வரைக்கும் என்னையப் படம் எடுக்கக் கூடாதுங்க. என் மேல சத்தியம் பண்ணுங்க."

மாமா சத்தியம் பண்ணினார். அன்று முதல் அத்தை தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டாள். எப்போதோ கட்டிய நீலச் சேலையிலிருந்து கிழித்த துணி.

லென்ஸ் வாங்கப் போனது ஒரு கிளினிக் நாளில். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் மூன்று பேருமாகக் கண்டி டவுனுக்கு வந்து காமிராக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் வயசான முஸ்லிம் மனிதர். மாமாவுக்கு நல்ல பழக்கம். அத்தை உட்கார ஒரு கதிரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கண்ணாடி மேசையில் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, கறுப்பு டப்பா மாதிரி. மற்றது நீளமான சூம்.

"இந்தா ஈக்கி தம்பி, நீங்க கேட்ட பிரைம். மண்டபத்துல வெளிச்சம் கொறஞ்சாலும் பயப்படத் தேவல்ல. இவ்வளவு நாளா இதத்தானே கேட்டீங்க?"

மாமா குட்டை லென்ஸைத் தன் காமிராவில் பூட்டி, வாசல் பக்கம் பார்த்தார். பிறகு பழக்கத்தில் அப்படியே அத்தையின் பக்கம் திரும்பி, ஒரு அடி முன்னால் வைத்தார். அத்தை சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எடுக்கல, எடுக்கல," என்று மாமா காமிராவை இறக்கினார். அதற்குப் பிறகும் அத்தை கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. எடுத்தபோது மாமாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள்.

மாமா பிரைமைக் கழற்றித் துடைத்து மேசையில் வைத்தார். "சூமையே கொடுங்க," என்றார்.

கடைக்காரருக்கு விளங்கவில்லை. "என்ன தம்பி, மனசு மாறிப்போச்சா?"

"கல்யாண வீட்டுல மேடைக்குக் கிட்டப் போக விடுறாங்க இல்லையே. வீடியோக்காரங்க மறைச்சிக்கிட்டு நிக்கிறாங்க. தூரத்துல இருந்து எடுக்கத்தான் இப்ப வேணும்."

எனக்கு ஒரே சந்தோஷம். நீளமான லென்ஸ்தான் பெரிய ஆள் சாமான் என்பது என் எண்ணம். வாசலில் நின்று என்னையும் பார்க்கவிட்டார். வளையத்தைத் திருப்பினேன். மலைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய வெள்ளைப் புத்தர் சிலையின் முகம் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணை எடுத்ததும் மறுபடியும் தூரத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தேன். அத்தை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அதன் பிறகு மாமாவுக்குப் புதிதாகக் குருவிப் பைத்தியம் பிடித்தது. கல்யாண வேலை இல்லாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறி, மிளகுக்கொடிக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். கேட்டால் செண்பகம் வந்திருக்கு, கொண்டைக்குருவி வந்திருக்கு என்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடுவேன். செண்பகம் ஒரு பக்கம் கூவும். லென்ஸ் இன்னொரு பக்கம் பார்க்கும். குருவி பிடிக்கத் தெரியாத ஆள் என்று மாமாவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகவே இருந்தது.

ஒரு நாள் அவருக்குப் போன் வந்து கீழே இறங்கியபோது காமிராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எடுத்த படங்களைத் தட்டிப் பார்த்தேன். குருவி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அத்தை. கொய்யா மரத்தடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் அத்தை. கொடியில் துணி போட்டுவிட்டு மூச்சு வாங்க நிற்கும் அத்தை. தலைத்துணியை அவிழ்த்து உதறிவிட்டு, வெறும் தலையில் வெயில் படக் கண்ணை மூடியிருக்கும் அத்தை.

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்த, மாமா குருவி எடுக்கல. ஒங்களத்தான் எடுக்கிறாரு. சத்தியத்த மீறிட்டாரு."

அத்தை நிமிரவில்லை. "தெரியும் புள்ள."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருக்கீங்க?"

"கிட்ட வந்து எடுத்தாருன்னா என் மொகத்தப் பாத்து ஒடஞ்சு போயிருவாரு. அங்க இருந்தே எடுக்கட்டும். நீ சொல்லிக்கிட்டுத் திரியாத."

அவர்கள் இருவரும் கண்ணாமூச்சி விளையாடுகிறார்கள் என்றும், என்னை அத்தை தன் கட்சியில் சேர்த்துக்கொண்டாள் என்றும் எடுத்துக்கொண்டேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தையோ மத்தியான வெயில் நேரத்தில் தவறாமல் கொய்யா மரத்தடிக்கு வந்தாள். நடக்க முடியாமல் போனதும் கதிரையை அங்கே போடச் சொன்னாள். உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொள்வாள். மேட்டுப் பக்கம் மட்டும் திரும்பமாட்டாள்.

தீபாவளிக்கு முன்னால் அத்தை போய்விட்டாள். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நேரம். காலில் சப்பாத்தைப் போட்டபடியே நின்றேன். கழற்றச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா தோட்டத்திலிருந்து வந்தார். வீடு முழுக்கச் சனம். மாமா அழவில்லை. வருகிறவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பின்னேரம் அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தம்பி, மால போட ஒரு படம் வேணுமேடா. நல்லதா ஒண்ணு பாத்துக் குடு."

மாமா காமிராவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் படியில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் முகம் ஒரு பக்கமாகவோ குனிந்தோ இருந்தது. கடைசிப் படங்கள் வந்தன. அவற்றையும் தள்ளிக்கொண்டே போனவரின் விரல் ஒன்றில் நின்றுவிட்டது.

அந்தப் படத்தில் அத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரையில் சாய்ந்தபடி, மேட்டைப் பார்த்து, மிளகுக்கொடிக்குள் இருந்த அந்த லென்ஸையே பார்த்து, லேசாகச் சிரித்துக்கொண்டு. விடாமல் அமுக்கிக்கொண்டே போனதில், எடுத்தபோது மாமா அதைக் கவனிக்கவில்லை போலும்.

அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. குட்டு வெளிப்பட்டுவிட்டதே, சத்தியத்தை மீறியது அத்தைக்குத் தெரிந்துபோயிற்றே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் நல்ல மருந்து இருந்தது.

"அத்தைக்குக் கோவம் இல்ல மாமா. அவங்களுக்கு மொதல்லருந்தே தெரியும்."

மாமா என்னைப் பார்த்தார். "ஒன்கிட்ட சொன்னாளா?"

"ம். கிட்ட வந்தா நீங்க ஒடஞ்சு போயிருவீங்களாம். அதான் தூரத்துலயே எடுக்கட்டும்னு விட்டுட்டாங்க."

அவர் காமிராவைப் படியில் வைத்தார். எழுந்து, செருப்புக்கூடப் போடாமல், ஈரப் புல்லில் இறங்கிக் கொய்யா மரத்தை நோக்கிப் போனார். நான் சொன்னதில் அவர் மனசு தேறிவிட்டது, இன்னொரு படம் எடுக்கப் போகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. காமிராவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, இத விட்டுட்டுப் போறீங்களே."

மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திரும்பவில்லை. பெரிய லென்ஸின் பாரத்தில் கை வலிக்க வலிக்க, அதை அவர் பக்கம் நீட்டியபடியே நான் நின்றிருந்தேன்.