எங்கள் கோல்கீப்பர் எந்த ஊர்?

போன ஞாயிற்றுக்கிழமை என் சொந்தக் கம்பெனி ஆட்களே எனக்கு வேர்க்க வைத்துவிட்டார்கள்.

மதியம் மூன்று மணி. ஸ்கூல் கிரவுண்டு வாசலில் எங்கள் கம்பெனி வேன் வந்து நின்றது. டெய்லர்கள், செக்கிங் ஆட்கள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோர் உடம்பிலும் நான் இலவசமாகக் கொடுத்த மஞ்சள் பனியன். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'நம்ம திருப்பூர்' என்று பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன்.

பிரிண்டைக் காணோம்.

கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். கிட்டே வந்தபோது ஓரத்து ஓவர்லாக் தையல் வெளியே தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் லேபிள் ஆடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பனியனோடு வாழ்கிறவனுக்கு இது போதாதா? உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மொத்தப் பேரும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

ஒருவனை நிறுத்திக் கேட்டேன். "என்னப்பா இது கோலம்?"

"ரொம்ப வேர்க்கு மொதலாளி. திருப்பிப் போட்டா காத்தாட இருக்கும்லா."

பிரிண்ட் நெஞ்சோடு ஒட்டினால் இன்னும் இரண்டு மடங்கு வேர்க்கும். அது எனக்குத் தெரியாதா? யாரிடம் கதை விடுகிறான்...

அதோடு விட்டார்களா? நான் போட்டு வைத்திருந்த சேர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிரவுண்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். என் வேனில் வந்து, என் பனியனைப் போட்டுக்கொண்டு, எதிரி டீமுக்குக் கை தட்ட.

விஷயம் இதுதான். பனியன் கம்பெனிகளுக்கு நடுவே நடந்த கால்பந்துப் போட்டியில் எங்கள் டீம் ஃபைனலுக்கு வந்திருந்தது. வெளியூர் டீம்களும் ஆடலாம் என்று ஒரு விதி. அந்த விதியின் புண்ணியத்தில் எங்களுக்கு எதிராக வந்து சேர்ந்தது, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற ஓர் ஊரின் டீம். என் கம்பெனியில் பாதிப் பேருக்கு அதுதான் சொந்த ஊர்.

நான் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஒரே ஒரு மெஷினோடு ஆரம்பித்து, இன்றைக்கு மூன்று மாடிக் கட்டிடம் கட்டியிருக்கிறேன். பனியன் வாங்க வருகிற வெள்ளைக்காரப் பையர் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காருகிறவன். நான் இறங்கிய எதிலும் தோற்றதில்லை. 'கோப்பை நமக்குத்தான்' என்று மூன்று வாரம் முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதியதும் நான்தான். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் நல்லது.

கால்பந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? துணியில் ராங் சைடு தெரியும். இந்த ஆஃப்சைடு மட்டும் யார் சொல்லியும் புரியவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்ட கையோடு, வேஸ்ட் துணியை உருட்டிக் கட்டி, லாரி நிற்கிற இடத்தில் ஆடுவார்கள். கடலோர ஊர்களில் பிள்ளைகள் நடக்கப் பழகுவதே பந்துக்குப் பின்னால்தான் என்று சொல்கிறார்கள். உலகக் கோப்பை நடந்தபோது இவர்கள் லைன் வீடுகளில் பிரேசில் கொடி பறந்தது. பக்கத்து வீட்டில் அர்ஜென்டினா. அதற்காக யாரும் யாரோடும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை.

பிரேசில் தூரத்தில் இருக்கிறது. சொந்த ஊர் அப்படியா?

எனக்கு முக்கியமான கவலை எங்கள் கோல்கீப்பர் சேவியர். ஓவர்லாக் டெய்லர். ஒன்பது வருடமாக என்னிடம் வேலை. அவன் மனைவி பெனிட்டாவும் எங்கள் செக்கிங்கில்தான் இருக்கிறாள். எதிர் டீமில் கோல் அடிக்கிற ஆள் ரூபன் — பெனிட்டாவின் கூடப்பிறந்த தம்பி.

இப்போது சொல்லுங்கள். உங்களுக்குத் தூக்கம் வருமா?

சனிக்கிழமை சேவியரை ஆபீஸுக்குக் கூப்பிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"நாளைக்கு எப்படி சேவியரு?"

"ஆடிருவோம் மொதலாளி."

"இல்ல... அந்தப் பக்கம் உன்ற மச்சினன் ஆடறானாமா?"

"ஆமா. நல்லா அடிப்பான். இடது காலு ரொம்ப ஜோரு."

"அவன் அடிச்சா?"

சேவியர் என்னைப் பார்த்தான். "தடுக்கத்தான மொதலாளி நிக்கேன்" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாததை அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து சேர்களில் உள்ளூர்க் கம்பெனிக்காரர்கள், தோட்டத்துக்காரர்கள், என் சம்பந்தி வீட்டார். ஒருவருக்கும் பந்தாட்டம் தெரியாது. "ஏனுங், பந்தைக் கையில எடுத்துட்டு ஓடுனா ஆகாதுங்களா?" என்று என் சம்பந்தி கேட்டார். எதிர்ப்பக்கத்திலோ ஒவ்வொரு உதைக்கும் சத்தம். இத்தனை சத்தம் போடத் தெரிந்தவர்களா தினமும் என் கம்பெனியில் வாயே திறக்காமல் தைக்கிறார்கள்?

பெனிட்டா எந்தப் பக்கமும் நிற்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் — புருஷனுக்குப் பின்னால் — நின்றாள்.

இருபதாவது நிமிடம் இருக்கும். ரூபன் அடித்த பந்து தரையோடு தரையாக வந்தது. சேவியர் விழுந்தான். பந்து அவனுக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டது.

எதிர்ப்பக்கம் திருவிழா. பக்கத்து சேரில் இருந்த கம்பெனிக்காரர் மெதுவாக என் காதருகே சாய்ந்தார்.

"உங்க கோல்கீப்பரு மச்சினனுக்கு மொய் வெச்சுட்டாப்லீங்க."

நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இடைவேளைக்கு விசில் அடித்ததும் எழுந்து போனேன். பிளேயர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கிட்டுசாமியைக் கூப்பிட்டு, "கோலுக்கு வேற ஆளைப் போடு" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சேவியர் தலை தூக்கவில்லை. கிளவுஸைக் கழற்றினான். கடையில் வாங்கினது இல்லை. எங்கள் வேஸ்ட் துணியில் நடுவே ஃபோம் வைத்து அவனே தைத்துக்கொண்டது. ஜோடியாகச் சேர்த்து என் முன்னால் நீட்டினான்.

"யாருக்குப் பத்துதுன்னு பாருங்க மொதலாளி."

கிட்டுசாமி என் கையைத் தொட்டார். "கோலுக்கு நிக்கறதுக்கு வேற ஆளே இல்லீங்க. இந்தாளை விட்டா நாந்தானுங்க நிக்கோணும்."

சுற்றிலும் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்தேன். பின்னால் பார்த்தபோது சேவியர் கிளவுஸை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தான். பெனிட்டா மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோடியில் இருக்கிற போஸ்ட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். இடம் மாறி ஆடுவார்களாம். அவளும் மாறினாள்.

அதற்குப் பிறகு சேரில் உட்கார முடியவில்லை எனக்கு. கிரவுண்டைச் சுற்றி நடந்தேன். எங்கள் டீம் ஒரு கோல் போட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டுக்கு ஒன்று. சந்தோஷப்பட வேண்டியதுதானே? மிச்சம் எத்தனை நிமிடம் என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருந்தேன். சேவியர் பக்கம் பந்து போகும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்தேன்.

கடைசியில் வந்தது பெனால்டி. அவர்களுக்கு. எங்கள் ஆள் ஒருவன் கையில் பந்து பட்டுவிட்டதாம். அடிக்க வந்தவன் ரூபன்.

நான் அப்போது கோலுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். என் இடது பக்கம் உள்ளூர்க்காரர்கள். வலது பக்கம் பனியனைத் திருப்பிப் போட்டவர்கள். நடுவில், வலைக்குப் பின்னால் பெனிட்டா. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்? அவளுக்கே தெரிந்திருக்காது.

ரூபன் இடது காலால் அடித்தான். சேவியர் வலது பக்கம் பாய்ந்தான். பந்து இரண்டு கைக்குள்ளும் நின்றது. அதைக் கட்டிப் பிடித்தபடி மண்ணில் கிடந்தான்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. நான் நின்ற இடம் அப்படி. இரண்டும் தெளிவாகக் கேட்டது.

இடது பக்கம், சந்தோஷத்தில் ஒருவர் சொன்னார்: "அந்தத் தூத்துக்குடிக்காரன் புடிச்சுப்போட்டான் பாருங்க."

வலது பக்கம், வெறுப்பில் ஒருவன் சொன்னான்: "புடிச்சிட்டாம்ல, திருப்பூர்க்காரன்."

மண்ணில் கிடந்தவனுக்கும் இரண்டும் கேட்டிருக்கும். எனக்குக் கேட்டதே.

ஆட்டம் முடிந்தது. சேவியர் எழுந்து போய், "ஏல, ரூபா" என்று கை நீட்டினான். ரூபன் அந்தக் கையைப் பார்க்காமல் தாண்டிப் போனான். கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வேன் திரும்பும்போது அதில் பாதி இடம் காலி. பஸ்ஸில் போய்க்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை புருஷனும் மனைவியும் ஆபீஸுக்கு வந்தார்கள்.

"பத்து நாள் லீவு வேணும் மொதலாளி" என்றான் சேவியர். "ஊர்ல மாதா கோயில் திருநாள்."

லீவு என்ற வார்த்தையைக் கேட்டால் திருப்பூரில் எந்த முதலாளிக்கும் அடிவயிறு கலங்கும். லீவில் போகிறவர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள்? அவனைக் குளிர வைக்க நினைத்தேன்.

"திருப்பூர் மானத்தைக் காப்பாத்திட்ட சேவியரு. இனி நீ எங்கூரு ஆளு."

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். "மொதலாளிக்குச் சொந்த ஊரு இதானா?"

"மடத்துக்குளம்."

யோசிக்கும் முன்னே வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தப் பத்தியில் 'நம்ம திருப்பூர், நம்ம திருப்பூர்' என்று எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற மடத்துக்குளத்தைப் பற்றி ஒரு தடவைகூட எழுதினதில்லை. எழுதக் கூடாது என்று எதுவும் இல்லை. என்னவோ... எழுதவில்லை.

பெனிட்டா தலையைக் குனிந்து சிரித்தாள்.

"இங்க வந்து எத்தன வருசம் ஆச்சு மொதலாளி?" என்றான் சேவியர்.

"முப்பத்தஞ்சு."

"எனக்கு ஒம்பதுதான ஆவுது."

பிறகு பெனிட்டா சொன்னாள். "தம்பி போன் எடுக்க மாட்டேங்கான் மொதலாளி. அம்மா எடுத்தாவ, ஒரு வார்த்த பேசிட்டு வச்சிட்டாவ. ஊருக்குப் போறதுக்கே பயமா இருக்கு."

"அதெல்லாம் கூடப்பொறந்தவன் கண்ணு. நேர்ல பாத்தா செரியாப் போயிரும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? சும்மா சொன்னேன்.

நான் சொல்ல வேண்டியது வேறு. இடைவேளையில் அத்தனை பேர் முன்னால் ஆளை மாற்றச் சொன்னேனே — அது தப்பு என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பையர். பேசி முடிப்பதற்குள் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்கள். சரி, லீவு முடிந்து வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் சொல்ல மாட்டோம், நான் சொல்கிறேன். டெய்லர் லீவில் போனால், மறுநாள் ஒரு ஆளை அவன் குடியிருக்கிற லைன் வீட்டுக்கு அனுப்புவோம். என்ன எடுத்துப் போயிருக்கிறான், என்ன விட்டுப் போயிருக்கிறான் என்று பார்த்து வர. டிவி இருந்தால் திரும்பி வருவான். டிவி இல்லை என்றால் வேறு ஆள் தேட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து இந்தக் கணக்கு தப்பியதில்லை.

புதன்கிழமை கிட்டுசாமியை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வர வேண்டியவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் நான் நாலு டீ குடித்துவிட்டேன்.

"ஜன்னல்ல எட்டிப் பாத்தனுங்க. டிவி இருக்குதுங்க."

"புள்ளையோட ஸ்கூல் பை?"

"ஆணியில தொங்குதுங்க."

எனக்கு மூச்சு வந்தது.

"மிக்சியத்தான் காணமுங்க" என்றார் கிட்டுசாமி.

"நல்லாப் பாத்தியா?"

"வாடகைக்கு விட்டவுங்க கதவத் தொறந்து காட்டுனாங்க. அடுப்புத் திட்டுல இருந்த எடம் வெறுசா இருக்குதுங்க."

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். திருநாளுக்கு விருந்தாளிகள் வருவார்கள், மசாலா அரைக்க எடுத்துப் போயிருப்பாள். இல்லை, தம்பி வீட்டுக்குக் கொடுத்துச் சமாதானம் பேசக் கொண்டுபோயிருப்பாள். இல்லை... டிவியை பஸ்ஸில் தூக்க முடியாது, முதலில் மிக்ஸி, அடுத்த நடையில் டிவி. எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா? கிட்டுசாமியிடம் கேட்டால், "மிக்சிக்கு வழக்கம் எதுவும் இல்லீங்களே" என்கிறார்.

அவன் வந்தால் சொல்ல, அன்றைக்கு நாக்கு நுனியில் நின்றுபோன ஒரே ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன். வராவிட்டால் அதை எந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்வேன்?