புத்தகத்தில் இரண்டாவது பெயர்

கொழும்பில் பழைய கார் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பொனற்றைத் திறந்து உள்ளே எஞ்சினை எட்டிப் பார்ப்பார்கள். எதைப் பார்க்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. கொட்டாஞ்சேனை றேமண்ட் பொனற் பக்கமே போக மாட்டான். வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, அதில் எத்தனை உரிமையாளர்களின் பெயர் இருக்கிறது என்று விரல் வைத்து எண்ணுவான். பிறகுதான் காரைச் சுற்றி நடப்பான்.

நான் அப்போது ஒரு நிதி நிறுவனத்தில், லீசிங் பகுதியில் இருந்தேன். றேமண்ட் கார் தரகன். எங்களிடம் வரும் வாகனங்களுக்கு விலை மதிக்க அவனைத்தான் கூப்பிடுவோம். அவன் சொன்ன விலைக்கும் கடைசியில் விற்ற விலைக்கும் பெரிய வித்தியாசம் வந்ததில்லை. அந்தத் திமிரும் அவனிடம் தாராளமாக இருந்தது.

வேகக் கார்களைப் பற்றி அவனுக்கென்று ஒரு கருத்து உண்டு. ஜப்பான் கார் வாங்குகிறவன் விற்கப்போகும் நாளை நினைத்து வாங்குகிறான். ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் கொழும்புக் காலி வீதியில் யார் யார் பார்ப்பார்கள் என்று நினைத்து வாங்குகிறான். ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே கால்வாசி விலை போய்விடும். ஐந்தாறு வருடத்தில் பாதிகூட மிஞ்சாது. மிஞ்சுவதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புத்தகத்தில் பெயர்கள் கூடக் கூடாது என்பான்.

அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. ஓப்பன் பேப்பர். விற்கிறவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். வாங்குபவரின் பெயரும் திகதியும் காலியாகவே இருக்கும். வாங்கியவர் அதை அலுமாரியில் வைத்துக்கொண்டு காரை ஓட்டுவார். விற்கும்போது அதே படிவத்தை அடுத்தவர் கையில் கொடுப்பார். கார் நாலு பேரிடம் மாறியிருக்கும், புத்தகத்தில் மட்டும் முதல் ஆளே இருப்பார். ‘ஒரே ஓனர்’ என்று விளம்பரம் போடலாம். பாதிக் கொழும்புக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவன் றேமண்ட்தான்.

வெள்ளவத்தையில் டொக்டர் சவுந்தரநாயகத்திடம் நீல நிறத்தில் இரண்டு கதவு பீ.எம்.டபிள்யூ ஒன்று இருந்தது. எம் த்ரீ என்ற ஸ்போர்ட்ஸ் கார். 1999இல் புதிதாக இறக்கியது. 2006இல் போர் திரும்பவும் மூண்டபோது, தமிழ்ப் பெயருடன் அப்படியொரு காரை ஓட்டுகிறவரை ஒரு சோதனைச் சாவடிகூடச் சும்மா விடவில்லை. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் டிக்கியைத் திறந்து காட்ட வேண்டும். மனுசன் வெறுத்துப்போய், கனடாவில் இருந்த மகள் உஷாந்தியிடம் போக முடிவெடுத்தார். காரை விற்கும் பொறுப்பு றேமண்டுக்கு வந்தது.

மூன்று மாதம் அலைந்தான். ஒருவரும் தொடவில்லை. விலை இறங்கி இறங்கி ஒரு பழைய வானின் விலைக்கு வந்து நின்றது. கடைசியில், வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு ‘வாங்காதே’ என்று சொன்னவன், இருந்த சேமிப்பையெல்லாம் துடைத்துக் கொடுத்து, ஓப்பன் பேப்பரில் அதைத் தானே வாங்கினான். அவன் மனைவி மெற்றில்டா ஒரு கிழமை அவனோடு பேசவில்லை. நானும் அவனுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

போர் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் இன்னும் மறக்கவில்லை. தேவாலயத்தில் முதல் பூசை முடிந்ததும் றேமண்டும் மெற்றில்டாவும் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளம்பி, காலிமுகத்திடல் தாண்டி, மெரின் டிரைவ் வழியாக வெள்ளவத்தைக்கு வருவார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடிக்கும். நான் பின் சீற்றில் முழங்காலைத் தாடைவரை மடித்துக்கொண்டு குந்துவேன். தெஹிவளை தாண்டி இரத்மலானையில் வீதி வெறிச்சென்று கிடந்தால் ஒரே ஒரு தடவை மிதிப்பான். முதுகு சீற்றோடு ஒட்டிக்கொள்ளும். மெற்றில்டா முக்காட்டை இறுக்கிப் பிடித்து மாதாவைக் கூப்பிடுவாள். அடுத்த கிழமையும் முதல் ஆளாக வந்து ஏறுவாள். திரும்பும் வழியில் தோசை. அந்த அளவுக்குச் சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் அதிகமில்லை.

பெயரை மாற்றச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன். “பேர் ஏறினா ரெண்டு ஓனர் மச்சான். விக்கிற நேரம் அடி விழும்” என்றான். விற்கிற எண்ணமே இல்லாதவன் சொன்ன பதில் இது. தொழில் மூளைக்குள் புகுந்துவிட்டால் அப்படித்தான்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். புதுக் கார் வராத நாட்டில் பழைய கார்கள் பவுண் மாதிரி விலை ஏறின. வாங்க ஆளில்லாமல் கிடந்த நீலக் கார், புதிதாக வந்த விலையையும் தாண்டியது. அதே காலத்தில் மெற்றில்டாவின் முழங்கால் போய்விட்டது. அவர்கள் குடியிருந்தது கொட்டாஞ்சேனையில் இரண்டாம் மாடி வாடகை வீடு. நாற்பத்திரண்டு படி. கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். தெஹிவளையில் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. கார் போனால் வீடு வரும். றேமண்ட் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் காரைக் கழுவி, படம் எடுத்து விளம்பரம் போட்டான்.

ஸியாம் என்றொரு மாணிக்கக்கல் வியாபாரி வந்தார். நல்ல மனுசர், விலையில் பேரம் பேசவேயில்லை. ஓப்பன் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓனரோடு ஒரு வார்த்தை போனில் பேசலாமா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். றேமண்டின் முகம் செத்துப்போயிற்று. டொக்டர் முந்திய வருடம் கனடாவில் காலமாகிவிட்டார். செத்தவருடைய கையெழுத்துச் செல்லாது. அவர் சாவதற்கு முந்திய திகதி ஒன்றைப் போடு என்று அவன் காதுக்குள் சொன்னவன் நான்தான். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸியாமிடம் உள்ளதைச் சொன்னான். பேப்பர் சரிவந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். தெஹிவளை வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

சட்டப்படி கார் இப்போது டொக்டரின் மகள் உஷாந்திக்குச் சொந்தம். அவள் ‘அது எங்கள் கார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் றேமண்டுக்கு ஒரு சில்லுகூட மிஞ்சாது. அவளைத் தேடிப் பிடிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. 2025 ஏப்ரலில், தகப்பனின் வெள்ளவத்தை ஃபிளற்றை விற்க அவள் வந்தாள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். பழைய கார்களின் விலை கிழமைக்குக் கிழமை சரிந்துகொண்டிருந்தது.

றேமண்ட் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஐம்பது வயது மதிக்கத்தக்கவள், தகப்பனின் அதே நெற்றி. பதிவுப் புத்தகத்தை வாங்கி விரித்தாள். தகப்பனின் பெயர் மட்டும் தனியாக இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பத்தொன்பது வருசமா அப்பாவின்ர பேரை மாத்தாமல் வச்சிருக்கிறீங்கள், அங்கிள். எங்கட சொந்தக்காரர்கூட இப்பிடிச் செய்யமாட்டினம்.”

எனக்கு மூச்சு வந்தது. இனி எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுவாள். றேமண்டின் காலை மேசைக்குக் கீழே மிதித்தேன். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

“இல்ல மகள், நான் டொக்டருக்காக வைக்கல்ல. பேர் ஏறினா விலை குறையும் எண்டுதான் வச்சன். கையெழுத்து வைக்க உங்களுக்கு மனசில்லாட்டி கார எடுங்க. அது இப்ப உங்கட.”

இப்படியொரு விசரனோடு முப்பது வருடம் பழகியிருக்கிறேனே என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு காரைக் காட்டச் சொன்னாள். இருவரும் கீழே போய்க் காரில் ஏறினார்கள், நான் கீழ் வாசலில் நின்றேன். அரை மணித்தியாலம் கழித்து நீலக் கார் திரும்பி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது அவள். இறங்கி, சாவியை றேமண்டின் கையில் வைத்தாள்.

“அப்பா உங்களிட்டக் குடுக்கேக்க மனதோடதானே கையெழுத்துப் போட்டவர். அது அவற்ற வாக்கு. நான் மாறி நடக்கேலாது.”

வாரிசாகப் போட வேண்டிய கையெழுத்துகளையெல்லாம் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினாள். செத்தவர் பெயரில் இருக்கும் காரை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், முதலில் றேமண்டின் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. புதுப் புத்தகம் கைக்கு வந்த அன்று அவன் அதில் எதையும் எண்ணவில்லை. தன் பெயரை மூன்று தரம் வாசித்தான்.

ஸியாம் திரும்ப வந்தார். ஆனால் சந்தை விழுந்திருந்தது, ஓனர் எண்ணிக்கையும் இரண்டாகியிருந்தது. முன்பு ஒத்துக்கொண்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் சொன்னார். ஓப்பன் பேப்பரில் தந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவதாகவும் சொன்னார். றேமண்ட் மறுத்துவிட்டான். உங்கள் பெயரை எழுதித்தான் எடுக்க வேண்டும், நான் போன பிறகு யாரும் மெற்றில்டாவின் வாசலில் கையெழுத்துக்கு நிற்கக் கூடாது என்றான். ஸியாம் அப்படியே எழுதி எடுத்தார். தெஹிவளையில் வீடு வாங்க அந்தக் காசு போதவில்லை. முகத்துவாரத்தில், கீழ்த்தளத்தில், இரண்டு அறை வீடு வாங்கினார்கள். மெற்றில்டா திரும்பவும் பூசைக்குப் போகிறாள்.

போன கிழமை பஸ்ஸில் போய் அவர்களைப் பார்த்தேன். முன்பே பெயரை ஏற்றியிருந்தால் உச்ச விலைக்கு விற்றிருக்கலாமே, எவ்வளவு நட்டம் என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவன் கோபிக்கவில்லை.

“நட்டம்தான் மச்சான். இனி அந்தக் கார் ஆரிட்டப் போனாலும் என்ட பேருக்காக ஒரு தொகை குறைப்பானுகள்” என்றான். பிறகு, “ஆனா அது ஒரு காலத்தில என்ட காரா இருந்தது எண்டு எழுதிக் கிடக்குது” என்றான்.