சவூதி டிரைவரின் எல் போட்

பதினேழு வருடம் ரியாத் நகரத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தவனுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில், சொந்த ஊரில் எல் போட் கட்டிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சாய்ந்தமருதுக் கடற்கரை ரோட்டில் டிரைவிங் பழக்கும் அந்த வானை ஓட்டிக்கொண்டு போனபோது, என்னோடு படித்தவன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி வேண்டுமென்றே சத்தமாக சலாம் சொன்னான். பதில் சலாம் சொன்னேன். மனதுக்குள் வேறொன்றும் சொன்னேன்.

நான் இங்கிருந்து போகும்போது சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. கார் பழகியதும் லைசன்ஸ் எடுத்ததும் அங்கேதான். லீவில் வரும்போது அந்த லைசன்ஸ் காலம் முடிந்து கிடந்தது. கபீல், அதாவது என்னைத் தன் விசாவில் வைத்திருக்கும் முதலாளி, “திரும்பி வா, புதுப்பித்துத் தருகிறேன்” என்று சொல்லிவிட்டார். காலம் முடியாத வெளிநாட்டு லைசன்ஸைக் காட்டி இங்கே ஒன்று எடுக்க வழி இருக்கிறதாம். முடிந்ததற்கு இல்லை. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் பத்திரம், அதற்குப் பிறகு மூன்று மாதம் காத்திருந்து ட்ரயல் என்று, நேற்று மீசை முளைத்தவன் போகிற வழியால்தான் நானும் போக வேண்டும்.

ஏன் இந்தப் பாடு? திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை. அங்கே என் அறை கேற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. போன் அடித்தால் எழும்ப வேண்டும், அடிக்காவிட்டாலும் அடிக்குமே என்று விழித்திருக்க வேண்டும். அந்த நகரம் முழுக்க ஓடியிருக்கிறேன். நானாக நினைத்த ஓரிடத்துக்கு ஒரு நாளும் ஓடியதில்லை.

சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் தன் சின்ன லொறிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். “லைசன்ஸோட வாங்க காக்கா, அடுத்த நாளே வேல” என்றார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். திரும்பிப் போகும் விசா முடிவதற்குள் லைசன்ஸ் வந்தால் இங்கே. வராவிட்டால் அந்த அறை. மனைவியிடம் சொன்னேன். “எடுத்து வெச்சா நல்லந்தானே” என்றாள். அந்தப் பேச்சை அன்று நான் சரியாகக் கேட்கவில்லை.

பயிற்சிப் பாடசாலைக்குப் போன முதல் நாளே இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். சவூதியில் ஸ்டீயரிங் அந்தப் பக்கம். பின் சீற்றில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிக்னல் போடப் போய் வைப்பரைப் போட்டேன். கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கல்முனைச் சந்தி வரைக்கும் போனோம். இதெல்லாம் ஒரு கிழமையில் சரியாகிவிட்டது. சரியாகாதது ஒன்றுதான். சவூதியில் வாகனம் ரோட்டின் வலது பக்கம் ஓடும். இங்கே இடது. பஸ்ஸும் ஓட்டோவும் நெரிபடும் கல்முனை ரோட்டில் எனக்கு ஒரு பிழையும் வராது. காரைதீவு தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக, ஈ காக்கை இல்லாத ரோட்டில் திரும்பினால் போதும், என் கை என்னைக் கேட்காமல் வலது பக்கத்துக்குப் போய்விடும்.

பழக்குகிற தம்பிக்கு என் மகனாகும் வயது. தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: “காக்கா, எதிர்ல ஒரு வாகனம் வந்தா நீங்க ராசா. ஆள் இல்லாட்டித்தான் கிறுகித் திரும்பின உடன சவூதிக்குப் போறீங்க.”

அந்த மூன்று மாதமும் நான் மனுசனாக இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் “இடது, இடது” என்று முணுமுணுத்தேன். தொழுகையில் சலாம் கொடுக்க வலது பக்கம் முகம் திருப்பும்போதுகூட ஒரு பயம் வந்தது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

ட்ரயல் அம்பாறையில். பரீட்சகர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் சிரிக்காதவர். எனக்கு அரபு வரும், சிங்களம் இடது வலது விளங்கும் அளவுக்குத்தான். முதல் கொஞ்ச தூரம் வாகனங்களுக்குள் போனது, தப்பினேன். பிறகு “வமட்ட” என்றார். இடது பக்கம். திரும்பினால் வெறும் வயல் ரோட்டு. என் கை வலது பக்கத்துக்கு அசையத் தொடங்கியதை நானே பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு லான்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மெஷின், பெட்டி நிறைய வைக்கோலோடு, பாதி ரோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது. நான் இடது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டேன். பரீட்சகர் தலையை ஆட்டி எதையோ எழுதினார். அந்த லான்மாஸ்டர்காரர் யாரென்று தெரியாது. அவருக்கு இன்றும் துஆ செய்கிறேன்.

பாஸ். தற்காலிகக் கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். இனி யாருடைய போனுக்கும் எழும்பத் தேவையில்லை.

மனைவி “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கடதாசியைப் பார்த்துவிட்டு, “நல்லம். அடுத்த முற வந்து நிக்கக்குள்ள நம்மட பயணத்துக்கு டிரைவர் தேடத் தேவல்ல” என்றாள்.

அடுத்த முறை.

“நான் போகல்ல” என்றேன்.

“நான் போங்க எண்டு சொன்னனா? மகள்ட ஊட்டு வேல பாதியில நிக்கிது. அவளுக்கும் வயசு போகுது. அதத்தான் சொல்றன்.”

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை இல்லை. மகளின் வீட்டுக்குச் சுவர் எழும்பி நின்றது. கூரை இல்லை, உள்ளே புல் முளைத்திருந்தது. லொறிச் சம்பளத்தில் சாப்பிடலாம், கூரை போட முடியாது. இது எனக்கு முதலே தெரியாதா? தெரியும். லைசன்ஸ், லைசன்ஸ் என்று ஓடித் திரிந்த நேரத்தில் அதை நினைக்காமல் இருக்க முடிந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லாவது பிழையாக இருந்திருந்தால் கத்தியிருப்பேன். பெயிலாகியிருந்தாலும் பரவாயில்லை, பரீட்சகரைத் திட்டிக்கொண்டே பிளேன் ஏறியிருப்பேன். இப்போது திட்டுவதற்கும் ஆளில்லை.

விசா முடிவதற்கு முன் சம்மாந்துறைக்குப் போனேன். எனக்காக வேலையைப் பிடித்து வைத்திருந்த மனிதருக்கு நேரில் சொல்லாமல் போவது சரியில்லை. என்னைக் கண்டதும் ஆலை வாசலுக்கு வந்துவிட்டார்.

“லைசன்ஸ் வந்திட்டா காக்கா?”

“ஓம், வந்திட்டு.”

“மாஷா அல்லாஹ். அப்ப நாளைக்கே ஏறுங்க.”

“வெள்ளிக்கிழமை எனக்குச் சவூதிப் பயணம்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். “அப்ப என்னத்துக்குக் காக்கா இவ்வளவு பாடுபட்டு எடுத்த?” என்று கேட்டார்.

“சும்மாதான்” என்றேன்.