பறக்க ஒரு மைக் செட் அனுமதி

ரிமோட் விமானம் விற்பவனிடம் விமானத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பதில் தெரியாமல் கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், இரண்டாயிரத்துகளில் ஓசூரில் கடை வைத்திருந்த என் பாடு புரியும்.

எவ்வளவு உயரம்?

செல்லத்துரை திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் ஃபிட்டர். மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு. என்னிடம் என்ஜின் வாங்கி, ஷிஃப்ட் முடிந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து ஒன்றரை வருஷத்தில் ஒரு விமானம் செய்தார். அந்தக் கைநேர்த்தியைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். போலீஸ் பிடித்துக்கொண்டால் அது திரும்பி வராது என்பதுதான் அவருடைய ஒரே பயம். கண்ணுக்குத் தெரியும் உயரம்வரை விடலாம் என்று ஒரு குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன்.

"அப்ப நல்லாக் கண்ணு தெரியுதவன் ஒசரமா விடலாம், கண்ணாடி போட்டவன் தாழ்வா விடணுமா அண்ணாச்சி?"

பாரம் இல்லை

அனுமதி கேட்டு இருவரும் போனோம். போலீஸ் ஸ்டேஷனில் தாலுகா ஆபீசைக் கேட்கச் சொன்னார்கள். தாலுகா ஆபீசில் ஸ்டேஷனைக் கேட்கச் சொன்னார்கள். திரும்பி வந்த எங்களைப் பார்த்து ஸ்டேஷன் ரைட்டருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மைக் செட்டுக்கு அனுமதி தரும் பாரத்தை எடுத்து, 'ஒலிபெருக்கி'யை அடித்துவிட்டு 'பொம்மை விமானம்' என்று எழுதி முத்திரை குத்தினார். சத்தம் பொதுமக்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் அப்படியே இருந்தது.

"பறக்கறதுக்கு எங்ககிட்ட பாரம் இல்லீங்க. சத்தம் போடறதுக்குத்தான் இருக்குது."

மேகத்துக்குள்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு காலி நிலத்தில் பறக்கவிட்டோம். ஆடி மாசம், மேகம் தாழ்ந்து கிடந்தது. விமானம் அழகாக ஏறி, மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வரவேயில்லை. சத்தம் மட்டும் கர்நாடகத்தைப் பார்த்துப் போயிற்று. ரிமோட்டும் கையுமாக அண்ணாந்து நின்ற செல்லத்துரை அழுதுவிடுவார் என்று பயந்தேன்.

"மேகத்துக்கு மேல போனா தப்புன்னே வைங்க. உள்ள போனதுக்கு என்ன சட்டம் அண்ணாச்சி?"

எல்லைக்கு அந்தப் பக்கம்

சத்தம் போன பக்கம் விசாரித்துப் போனோம். விமானம் ஒரு கேழ்வரகுக் கொல்லையில் விழுந்திருந்தது. கொல்லைக்காரர் பயந்துபோய் அதை அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். இறக்கை நுனி மட்டும் உடைந்திருந்தது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஏட்டு எங்கள் பாரத்தை வரி வரியாகப் படித்தார். மாநிலம் வேறு, செல்லாது என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ என்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னார். செல்லத்துரை விரலால் விசிறியைச் சுண்டினார். மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. ஏட்டு வாசல்வரை போய் நின்று காது கொடுத்துக் கேட்டார். திரும்பி வந்து விமானத்தைத் தூக்கிச் செல்லத்துரை கையில் கொடுத்தார்.

"சவுண்டு கரெக்டா இருக்குது, எத்துக்கிட்டுப் போங்க. ஒசரம் இதுல போடல, நானும் கேக்கல."

எவ்வளவு உயரம் பறக்கலாம் என்று எனக்கு இன்றும் தெரியாது. அது தெரியாத நல்ல மனுஷர்கள் இரண்டு மாநிலத்திலும் இருந்ததால்தான் என் கடை ஓடியது.